மேல்மலைச் சாவடியை இடிப்பதா, எடுத்துக் கட்டுவதா?

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் உங்கள் ஊரின் மந்தைச் சாவடியை, அதாவது பொதுத் திடலில் ஊரார் கூடும் கட்டடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தாத்தா காலத்தில் கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டியது. ஓட்டுக் கூரையில் பாதி ஆஸ்பெஸ்டாஸாக மாறிவிட்டது. மலைப்பக்கச் சுவரில் ஓதம் (ஈரம்) ஏறிப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. இடித்துவிட்டுக் கான்கிரீட் சமுதாயக் கூடம் கட்டலாம் என்று ஊராட்சியில் சொல்கிறார்கள், ஊர்ப் பெரியவர்கள் அதற்கு இசையவில்லை. விசேஷ வீட்டுச் சமையல், மகளிர் குழுக் கூட்டம், பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்க ஓர் இடம், பூண்டு எடுக்கும் காலத்தில் மூட்டைகளை நனையாமல் வைக்க ஒரு நிழல் ஆகிய எல்லாம் அந்த ஒரே கட்டடத்தில் அமைய வேண்டும் என்பது உங்கள் விருப்பம். தை பிறப்பதற்குள் முடிக்க முடியுமா என்பது கடைசிக் கேள்வி.

இடிக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் அதைப் பழைமை மீதுள்ள பற்றினால் சொல்லவில்லை. மலைக் கிராமங்களில் இப்படிப்பட்ட கட்டடங்கள் வயதாகிச் சாவதில்லை. தண்ணீராலும் பூட்டாலும்தான் சாகின்றன. கூரை ஒழுகி, வடிகால் அடைபட்டுச் சுவர் ஊறிப்போவது ஒன்று. சாவி ஒருவர் வீட்டில் இருக்க, ஊரில் பாதிப் பேர் படியேறத் தயங்குவதால் ஆள் நடமாட்டமே இல்லாமல் போவது மற்றொன்று. இவ்விரண்டையும் சரிசெய்யாமல் எழுப்பப்படும் புதுக் கட்டடத்துக்கும் சில ஆண்டுகளில் இதே கதிதான். திறப்பு விழாவுக்குப் பிறகு தேர்தலுக்கு மட்டும் திறக்கப்படும் சமுதாயக் கூடங்களை உங்கள் வட்டாரத்திலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இடிக்காமல் இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. கட்டடம் நிற்கும்வரை அதைப் பழுது பார்ப்பது ஒரு வேலை. இடித்துவிட்டால் அதே இடத்தில் எழுப்புவது புதுக் கட்டுமானமாகிவிடுகிறது. மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்த 1990-இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் வருவாய்க் கிராமம் இருந்தால், சரிவு, உயரம், சுற்றிலும் விட வேண்டிய இடைவெளி எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் பார்ப்பார்கள். மந்தையை ஒட்டி நெருக்கமாக வீடுகள் எழும்பிவிட்ட ஊரில் பழைய அளவுக்கே அனுமதி கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இடத்தை அகலப்படுத்தப் பின்பக்கச் சரிவை வெட்டலாம் என்ற யோசனையும் உடனே கிளம்பும். அதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். மலைப்பகுதியில் மண் தோண்டும் இயந்திரம் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, வெட்டப்பட்ட சரிவு எந்த ஐப்பசியில் இறங்கி வரும் என்று சொல்ல முடியாது. நீலகிரியில் 2009 நவம்பர் மழையில் ஏற்பட்ட மண்சரிவுகள் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. வீட்டுக்காகவும் சாலைக்காகவும் வெட்டப்பட்ட சரிவுகளைப் பற்றி அப்போது எழுந்த பேச்சு நம் மலைக்கும் பொருந்தும்.

நடுவழியாகச் சிலர் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: சுவரை அப்படியே வைத்துக்கொண்டு மேலே கான்கிரீட் தளம் போட்டுவிடலாம் என்பார்கள். இது இடிப்பதைவிட ஆபத்தானது. 5 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ எடை வரும். ஓட்டுக் கூரை மரத்தையும் சேர்த்தால்கூட அதில் நான்கில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். மண்சாந்தில் அடுக்கிய கருங்கல் சுவர் நேர் கீழாக இறங்கும் மிதமான சுமையைப் பல தலைமுறைகள் தாங்கும். ஆனால் அதன் கடைக்கால் இந்த அளவு எடைக்காகப் போடப்பட்டதல்ல. தவிர, தட்டையான தளத்தில் மேல்மலை மழை தேங்கிக் கசிவதும், அந்தக் கசிவுக்குப் பயந்து தளத்தின் மேலேயே தகரக் கொட்டகை போடுவதும் நாம் தினமும் காணும் காட்சி. கடைசியில் தகரம்தான் கூரை என்றால், நடுவில் அந்தத் தளம் எதற்கு?

எந்த நிலையில் இடிக்க நேரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். 2 அடித் தடிமனுள்ள சுவர் உச்சியில் 4 அங்குலத்துக்கு மேல் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலோ, சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளினாற்போல் புடைத்திருந்தாலோ, ஒன்றியப் பொறியாளர் நேரில் வந்து பாராமல் எதிலும் கைவைக்கக் கூடாது. விரிசல்களைப் பொறுத்தவரை அகலத்தைவிட அசைவுதான் முக்கியம். விரிசலின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு அல்லது சிமெண்ட் பற்று ஒன்று வைத்து, அதன்மேல் அன்றைய தேதியைக் கீறி வையுங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் அது பிளக்காமல் இருந்தால் அந்த விரிசல் பழைய கதை, அடைத்துவிட்டுப் போகலாம். பிளந்தால் கடைக்காலோ கூரையோ இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி கூரைதான். இரு சுவர்களையும் இழுத்துப் பிடிக்கும் நடு விட்டத்தை, மேடை போட இடைஞ்சல் என்றோ ஒலிபெருக்கி கட்ட வசதி என்றோ யாராவது என்றைக்கோ அறுத்திருப்பார்கள். பிடிப்பு போன பிறகு கைமரங்கள் இரண்டு பக்கமும் சுவரை வெளியே தள்ளத் தொடங்கும். அப்படிப்பட்ட இடத்தில் விட்டத்தையோ அதற்கு ஈடாக ஓர் இரும்புக் கம்பியையோ திரும்பப் போட்டாலே சுவர் நின்றுவிடும்.

இனி, கல்லில் கை வைப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் (எந்த நிலம் எந்த வகை, யாருடையது என்று காட்டுவது) புல வரைபடத்தையும் பார்த்து, சாவடி நிற்கும் இடம் நத்தமா, மந்தைப் புறம்போக்கா, கோயில் நிலமா, அல்லது என்றோ ஒருவர் பெயரில் ஏறிவிட்ட பட்டாவா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் கட்டடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் கிராம சபையில் தீர்மானம் வைத்து அதில் ஏற்றுவது முதல் வேலை. கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாவடி யாருடையது, யார் பராமரிப்பார்கள், என்னென்ன பயனுக்கு என்ற மூன்றையும் ஒரே தீர்மானத்தில் எழுதி, ஊர் முழுவதும் கையெழுத்திட்டிருந்தால் பின்னால் வரும் பாதிச் சண்டை வராது.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தை மூடி மறைக்காமல் பேசியாக வேண்டும். மதுரை, திண்டுக்கல் சீமையின் சாவடிகளில் பல, ஊர்ச் சாவடி என்று சொல்லப்பட்டாலும் ஒரு சமூகத்தாரின் சாவடியாகவே இருந்து வந்தவை. மலையும் அதற்கு விலக்கல்ல. திண்ணையில் யார் உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பது எழுதப்படாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உங்கள் ஊரில் காலனித் தெருவினரும், பக்கத்துக் காட்டோரக் குடியிருப்பின் பளியர் பழங்குடியினரும் இந்தச் சாவடியில் கல்யாணம் வைக்க முடியுமா, அவர்கள் பாத்திரம் அதே அடுப்பில் ஏறுமா என்ற கேள்விக்கு முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பதில் வேண்டும். அரசுப் பணம் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ செலவாகும் பொது இடத்தில் சாதியின் பேரால் யாரையும் தடுக்க அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு இடம் கொடுக்கவில்லை. 17-ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தலைக்கட்டு வரி வாங்கும்போது எல்லாத் தெருவிலும் வாங்கிவிட்டு, சாவியை மட்டும் ஒரு தெருவில் வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயத்துக்கும் பொருந்தாது. இதற்கு ஊர் உடன்படவில்லையென்றால், பொதுப் பணத்தைக் கேட்காமல் அதை ஒரு சமூகத்தின் கட்டடமாகவே பழுது பார்த்துக்கொள்வதுதான் நேர்மை. அதற்கு நான் யோசனை சொல்ல வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஊரார் பங்கும் அரசின் பங்கும் சேரும் ‘நமக்கு நாமே’ திட்டம் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். 1997-98-இல் தொடங்கி, 2021-இல் மீண்டும் உயிர்பெற்ற அந்தத் திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் குறையக் கூடாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதியென்றால் ஐந்தில் ஒன்று போதும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி பெரும்பாலும் புதுக் கட்டடத்தையே விரும்பும், ஏனென்றால் பழுது பார்த்ததற்குக் கல்வெட்டு வைத்தால் எடுப்பாக இருக்காது. அந்த நிதியைக் கழிப்பறை, சமையற்கூடம் என்று புதிதாகச் சேர்க்கும் பகுதிக்குக் கேட்டுப் பெறுவது புத்திசாலித்தனம். எந்த வழியில் பணம் வந்தாலும் மதிப்பீட்டை ஒன்றிய அலுவலகத்தில் எழுதும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். சமவெளிக் கட்டடத்தின் மதிப்பீட்டையே பெயர் மாற்றி எழுதினால், வத்தலக்குண்டிலிருந்து மணலும் கல்லும் மலையேறி உங்கள் ஊர் வந்து சேரும் வண்டிக் கூலி அதில் போதிய அளவு இருக்காது. மேல்மலையில் பொருளின் விலையைவிட ஏற்றுக்கூலி முந்திக்கொள்வது உங்களுக்குத் தெரிந்ததே. இருக்கும் கல்லையும் மரத்தையும் திரும்பப் பயன்படுத்துவதில் கிடைக்கும் மிச்சமும் இங்கேதான்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் பெரும்பாலான ஊர்கள் தடுமாறுகின்றன. கையில் பணம் வந்ததும் தரைக்கு டைல்ஸ், சுவருக்குப் பெயிண்ட், வாசலில் பெயர்க் கல்வெட்டு என்று கண்ணுக்குத் தெரிவதைச் செய்துவிடுவார்கள். அடுத்த ஐப்பசியில் டைல்ஸின் இடுக்கெல்லாம் ஈரம் பூக்கும். சரியான வரிசை இதற்கு நேர்மாறானது: கட்டடத்துக்கு வெளியே ஓடும் தண்ணீர், கூரை, சுவர், அதன் பிறகே உள்ளே.

மலைப்பக்கச் சுவரின் ஓதத்துக்குக் காரணம் சுவரில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. மேலேயுள்ள தோட்டத்திலிருந்து வழிந்து வரும் மண், ஆண்டுக்கு ஆண்டு சுவரோரம் படிந்து உயர்ந்திருக்கும். பல ஊர்களில் உள்தரையைவிட வெளிமண் முழங்கால் உயரம் மேலே ஏறி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே தரையிலிருந்து ஒரு குச்சியால் அளந்து, சன்னல் வழியே வெளிமட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். அந்த மண்ணைக் கையால் வெட்டி எடுத்து, வெளிமட்டம் உள்தரையைவிட ஓர் அடியாவது தாழும்படி செய்ய வேண்டும். கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் எக்காரணம் கொண்டும் தோண்டக் கூடாது; ஒரே நாளில் சுவர் நெடுக வெட்டாமல், ஆறடி வெட்டி, அதை முடித்துவிட்டு அடுத்த ஆறடிக்குப் போக வேண்டும். சுவரை விட்டு 3 அடி தள்ளி, இரு பக்கமும் சரிந்து வெளியேறும்படி ஒரு கல் வாய்க்கால் கட்டி, சுவருக்கும் வாய்க்காலுக்கும் இடையில் வாய்க்காலை நோக்கிச் சாயும் கல் பாவினால், மேலிருந்து வரும் தண்ணீர் சுவரைத் தொடாமலே போய்விடும். அந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக்காரர் பூண்டுப் பாத்தியில் கொண்டுபோய் விட்டால் சாவடிச் சண்டை வேறொரு வடிவத்தில் தொடங்கும்.

சாவடியின் கீழ்ப்பக்கத்தில் மந்தையைத் தாங்கும் கற்கட்டு இருந்தால் அதில் நீர் கசிந்து வெளியேறும் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மண் வைத்து அடுக்கிய பழைய கட்டில் இடுக்குகளே துளைகள். யாரோ அழகுக்காகச் சிமெண்டால் முகத்தைப் பூசி அடைத்திருந்தால், பின்னால் ஊறிய மண் தன் எடையோடு தண்ணீரின் எடையையும் சேர்த்துத் தள்ளும். பூச்சைக் கொத்தி எடுத்து, நாலைந்து அடிக்கு ஒன்றாகத் துளை விடுவது ஒரு நாள் வேலை.

அடுத்தது கூரை. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கட்டும், ஒழுகும் இடத்தில் மட்டும் தார் பூசிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். சமைத்துச் சாப்பிடும், பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உடைந்து பொடியாகும் ஆஸ்பெஸ்டாஸ் கூடாது. அதன் நார் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தரக்கூடியது. கழற்றும்போது அடித்து உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, திருகாணிகளைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். வேலை செய்பவர்கள் துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, தூசு வடிகட்டும் முகக்கவசம் அணிய வேண்டும். இறக்கிய தகட்டை ஆட்டுக் கொட்டகைக்கு என்று யாரும் எடுத்துப் போகவும் விடாதீர்கள்.

ஓடா, தகரமா என்பதில் இரண்டுக்கும் நியாயம் உண்டு. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 15 அளவில் பிடிக்கும். கூரைக்கு நல்ல வாட்டம் வேண்டும். அவ்வப்போது ஒன்றிரண்டு மாற்ற வேண்டும். ஆனால் உள்ளே இதமாக இருக்கும், மழைச் சத்தத்தில் பேச்சு அமுங்காது. தகரம் எடை மிகக் குறைவு, ஏற்றுக்கூலி மிச்சம். ஆனால் எடை குறைவு என்பதே காற்றில் அதன் பலவீனம். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்து, சாலையையும் மின்சாரத்தையும் துண்டித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தகரம் போடுவதானால் கைமரத்தையோ இரும்புச் சட்டத்தையோ சுவரின் மேல் வெறுமனே உட்கார வைக்காமல், சுவருக்குள் மூன்றடியாவது இறங்கும் கம்பியால் கட்டிப் பிடிக்க வேண்டும்.

தகரத்தில் மேலும் இரண்டு நுட்பங்கள் உண்டு. திருகாணியைத் தகட்டின் மேடான வரியில்தான் அடிக்க வேண்டும். பள்ளமான வரியில் அடித்தால் திருகுவதற்கு எளிது, தகடும் அசையாது. ஆனால் கூரையில் விழும் தண்ணீர் முழுவதும் அந்தப் பள்ளத்தில்தான் ஓடுகிறது, ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்த அன்றே ஒழுகத் தொடங்கும். இரண்டாவது, மார்கழி இரவில் நூறு பேர் உள்ளே இருந்து, ஓரமாக அண்டாவில் சோறும் வெந்துகொண்டிருந்தால், அந்த வெப்பமும் ஈரமும் மேலேறிக் குளிர்ந்த தகட்டில் பட்டு, முத்து முத்தாகக் கோத்து, இலையில் சொட்டும். மழையே இல்லாத நாளில் கூரை ஒழுகுகிறது என்று கொத்தனாரைத் திட்டுவார்கள். தகட்டுக்கு ஒரு சாண் கீழே பலகைக் கூரை அடித்து, முகட்டோரம் காற்றுப் போக வழி விட்டால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கும். மேல்மலைக்கு என் தேர்வு ஓடுதான். கைமரங்கள் பெரும்பாலும் நன்றாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மரத்தைச் சோதிக்க, கைமரம் சுவரில் நுழையும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள். நுனி மட்டும் பதிந்து நின்றால் நல்ல மரம். கட்டைவிரல் அளவுக்கு இறங்கினால் அந்த முனை இற்றுப்போயிற்று. முனை மட்டும் இற்றிருந்தால் முழு மரத்தையும் மாற்ற வேண்டாம். நல்ல ஆசாரி அதுவரை அறுத்துவிட்டுப் புது மரம் ஒட்டுப் போட்டுத் தருவார்.

சுவரைப் பற்றி ஒன்றே ஒன்றை வலியுறுத்துவேன்: மண்சாந்துச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு கூடாது. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மலையேறியவனுக்கு உள்ளே வியர்த்துக் கொட்டுவதைப்போல, சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி அந்தப் பூச்சுக்குப் பின்னாலேயே தங்கி, மண்சாந்தைக் கூழாக்கிவிடும். பொருக்கு உதிரும் இடத்தில் சிமெண்ட் பூச்சைத் தரையிலிருந்து 4 அடி உயரத்துக்குக் கொத்தி எடுத்து, வடிகால் வேலை முடிந்த பிறகு கோடை முழுவதும் சுவரை அப்படியே காய விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். காய்ந்தபின், குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பை ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்துப் பூசி, மேலே சுண்ணாம்பே அடியுங்கள், பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது மலையில் அரிதாகிவிட்டார். கீழே பழநி, வத்தலக்குண்டு பக்கம் பழைய வீடுகளிலும் கோயில்களிலும் வேலை செய்யும் முதியவர் ஒருவரை அழைத்து வந்து, உங்கள் ஊர்ப் பையன்கள் இருவரை அவருக்குக் கையாளாக நிறுத்துங்கள். அடுத்த பூச்சுக்கு வெளியாள் தேவைப்படாது.

இவ்வளவும் ஆன பிறகு உள்ளே வரலாம். தரைக்கு வழுக்கும் டைல்ஸைவிடச் சொரசொரப்பான கல் பாவுவதே நல்லது. மூட்டை இழுத்தாலும் அண்டா உருட்டினாலும் தாங்கும். ஒரு பக்கப் படியை எடுத்துவிட்டு, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமையுங்கள். சக்கர நாற்காலிக்கு மட்டுமல்ல, கைத்தடி ஊன்றி வரும் பெரியவர்களுக்கும் அது வேண்டும். சமையலைச் சாவடிக்குள் வைக்காதீர்கள்; காற்று போகும் திசையில், சற்றுத் தள்ளி மூன்று பக்கம் அரைச்சுவரோடு ஒரு கொட்டகை போதும். புகை பட்டுக் கூரை ஓடும் மரமும் கறுப்பாவது பெரிதில்லை, பிள்ளைகளின் புத்தகங்கள் புகை வாடை பிடித்துப் போகும். பூண்டு மூட்டைக்கும் இதே கொட்டகையின் ஒரு பகுதியை ஒதுக்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு, வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குமுன் ஒரு இரவு நனைந்து விலை போகாமல் நிற்பது யாருக்கும் நல்லதல்ல. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மூங்கில் தட்டி போட்டு அதன்மேல் அடுக்குங்கள்.

கழிப்பறை இல்லாத சமுதாயக் கூடத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் பெண்கள் வரமாட்டார்கள், ஆகவே அது கடைசியில் பார்த்துக்கொள்ளும் காரியமில்லை. ஆனால் மலையில் உறிஞ்சு குழி எங்கே அமைகிறது என்பது பெரிய விஷயம். ஊருக்குத் தண்ணீர் தரும் ஊற்றுக்கு மேலே அது இருக்கவே கூடாது, பக்கவாட்டிலும் 30 மீட்டருக்குக் குறையாமல் தள்ளியிருக்க வேண்டும். கற்கட்டுக்கு மேலேயும் அமைக்கக் கூடாது. கட்டுக்குப் பின்னால் ஆண்டு முழுவதும் ஈரம் ஊட்டுவது அதைத் தள்ளிவிடுவதற்குச் சமம். மின் இணைப்பு ஊராட்சியின் பெயரில் ஒரே மீட்டராக, கசிவு நேர்ந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சோடு, நல்ல நிலக்கம்பியோடு இருக்க வேண்டும். விசேஷ நாளில் சீரியல் விளக்குக்காகக் கம்பத்தில் கொக்கி போடும் பழக்கத்தையும் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

சாவி விஷயம். ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவர், அவர்களில் பாதியாவது பெண்கள் என்று ஒரு குழுவைக் கிராம சபையிலேயே தேர்ந்தெடுங்கள். தேவையென்றால் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். வங்கிக் கணக்கு இருவர் கையெழுத்தில் இயங்கட்டும். மகளிர் குழுவின் கூட்ட நாளும் பிள்ளைகள் படிக்கும் மாலை நேரமும் நிலையானவை, வாடகைக்கு வருகிறவர்களுக்காக அவற்றை நகர்த்தக் கூடாது என்று எழுதி வையுங்கள். இல்லையென்றால் முகூர்த்த மாதங்களில் பிள்ளைகள்தான் முதலில் வெளியேற்றப்படுவார்கள். வாடகை எல்லாத் தெருவுக்கும் ஒன்றே. நடைமுறையில் வருமானம் கூடத்தைவிடப் பாத்திரத்தில் அதிகம் வரும்: அண்டா, தவலை, கரண்டி, பந்திப் பாய் எல்லாவற்றிலும் ஊர்ப் பெயரை வெட்டி, எண்ணி, நோட்டில் ஏற்றிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள். அந்த வருமானத்தில் ஒரு பங்கைப் புரட்டாசிதோறும் ஓடு மாற்றவும் வாய்க்கால் தூர் எடுக்கவும் என்று தனியே ஒதுக்கிவிட வேண்டும். அந்தப் பணத்தைத் திருவிழாச் செலவுக்குக் கைமாற்றாகக் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம்.

தைக்குள் முடியுமா என்றால், முடியாது. முடிக்க முயலவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டைப் பிரிக்க முடியாது. மார்கழி, தை உறைபனியில் ஈரச் சுண்ணாம்பு இறுகுமுன் உறைந்து உதிர்ந்துவிடும். இந்த மழைக்காலத்தைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடை மழை பெய்யும்போது குடையோடு சாவடியைச் சுற்றி வந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, உள்ளே எந்த ஓட்டுக்குக் கீழே சொட்டுகிறது என்று சுவரிலேயே கரிக்கட்டியால் குறித்து, கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். மதிப்பீடு எழுத வரும் ஓவர்சியர் பெரும்பாலும் வெயில் நாளில்தான் வருவார். ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம், மாசியில் வடிகால், பங்குனியில் கூரை, சித்திரைக் கோடைமழை வலுக்குமுன் ஓடு மூடியாக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு வைகாசிக்குப் போனாலும் குற்றமில்லை. வரும் தையில் நடக்கவிருக்கும் கல்யாணங்களுக்கு மந்தையில் பந்தல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.